டெபியன் 12: வைஃபை தெரிகிறது, கடவுச்சொல் கொடுத்தால் ஒட்ட மாட்டேன் என்கிறது

பழைய மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன். கர்னல் 6.1, க்னோம். வைஃபை கார்டு பிசிஎம்43142. எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் கார்டு எண் 14இ4:4365. கர்னலோடு வரும் பி43 டிரைவர் இதற்கு உதவாது என்பதால், நான்-ஃப்ரீ களஞ்சியத்திலிருந்து பிராட்காமின் சொந்த டிரைவரான பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் நிறுவினேன். அதன் டபிள்யூஎல் மாட்யூல் ஒழுங்காக ஏறுகிறது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அக்கம்பக்கத்து நெட்வொர்க் எல்லாம் பட்டியலில் வருகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் அரை நிமிடம் சுற்றிவிட்டு மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கிறது. லாகில் ‘அசோசியேஷன் டுக் டூ லாங்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கடவுச்சொல் இல்லாத திறந்த நெட்வொர்க்கில் உடனே இணைந்துவிடுகிறது! நிறுவிய நாளிலிருந்தே இப்படித்தான்.

செக்யூர் பூட்டை அணைத்தாயிற்று. அதோடு மோதக்கூடிய பி43, பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி டிரைவர்கள் மூன்றும் ஏறாதபடி பிளாக்லிஸ்டில் இருக்கின்றன. வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில்லில் தடை ஏதும் இல்லை. நெட்வொர்க்மேனேஜரில் ஸ்கேன் நேரத்து மேக் முகவரி மாற்றத்தை நிறுத்தியும் பார்த்தேன். ரவுட்டரை டபிள்யூபிஏ2 மட்டும் என்று வைத்தாலும் அதே கதை, கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை. இதே கணினியில் விண்டோஸ் பக்கம் போனால் சிக்கலில்லை, ஆக கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதைக்குக் கைபேசியை யூஎஸ்பியில் செருகி ஓட்டுகிறேன்.

என் சந்தேகம், கடவுச்சொல் உள்ள வைஃபையில் இணைப்பைக் கையாளும் நிரலான டபிள்யூபிஏ சப்ளிகண்ட் 2.10 மேல். இதே சிப்பை டெபியன் 12இல் கடவுச்சொல் உள்ள வைஃபையில் ஓட்டுபவர்கள், சப்ளிகண்டில் என்ன மாற்றினீர்கள்?