அப்பாவின் போனில் தடை செய்யப்பட்ட ஸ்கேனர் ஆப்: அழித்தால் மட்டும் போதுமா?

கரிசல்மண்:
வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆவணங்களைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கும் ஆப் ஒன்று இன்னும் இருக்கிறது. சீன நிறுவனத்துடையது, 2020-ல் மத்திய அரசு தடை செய்தவற்றில் ஒன்று. பிளே ஸ்டோரில் கிடைக்காது, ஆனால் போனில் இருப்பது இன்றும் ஸ்கேன் செய்கிறது. ஆதார், பேங்க் பாஸ்புக், பத்திரம், பட்டா எல்லாம் அதில்தான். கூகுள் கணக்கு வழியாக லாகின் செய்திருக்கிறார். இதெல்லாம் சீன அரசின் கைக்குப் போயிருக்குமா? ஆப்பை அழித்தால் போதுமா?

வைகைக்கரை:
உடனே அழிக்காதீர்கள். ஸ்கேன் செய்தவை ஆப்புக்குள்ளேயே இருந்தால் அதோடு சேர்ந்து போய்விடும். முதலில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக வெளியே எடுத்து கம்ப்யூட்டரில் வையுங்கள்.

அப்புறம் கணக்கை மூட வேண்டும். ஆப்பை நீக்கினால் போனில்தான் போகும், சர்வரில் ஏற்றிய நகல் அப்படியே இருக்கும். தடையால் கணக்கை மூடும் பக்கம் திறக்காவிட்டால், பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்கு நீக்கச் சொல்லி எழுதுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த ஆப்புக்குக் கொடுத்த இணைப்பையும் துண்டியுங்கள்.

கரிசல்மண்:
நன்றி அண்ணா. சீன அரசு பார்த்திருக்குமா என்ற பயம்தான் போகவில்லை.

மலைக்கோட்டை:
அப்பாவின் பாஸ்புக்கை ஒருவர் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. பயத்துக்குக் காரணம் சட்டம். சீனாவின் 2017 தேசிய உளவுச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, நிறுவனங்களும் குடிமக்களும் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும். அரசு கேட்டால் அங்குள்ள நிறுவனம் மறுப்பது கடினம்.

சீனா மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து அந்நாட்டு உளவு அமைப்பு வெளிநாட்டவரின் தகவலைப் பெற்ற பிரிஸம் திட்டத்தை 2013-ல் அந்த அமைப்பின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்நோடன், ரகசிய ஆவணங்களைக் கசியவிட்டு வெளியே கொண்டுவந்தார். என்னை அதிகம் உலுக்கியது யுசி பிரவுசர் என்ற சீன இணைய உலாவி ஆப் விஷயம். அது பயனர் தகவலைச் பிறர் படிக்க முடியாதபடி சரியாக மறையாக்கம் செய்யாமல் அனுப்பியதை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-ல் விளக்கியது. அந்த ஓட்டையைக் கனடா உள்ளிட்ட மேற்கத்திய உளவு அமைப்புகள் அதற்கு முன்பே கண்டுபிடித்துப் பயன்படுத்தியது ஸ்நோடன் ஆவணங்களில் தெரிந்தது. ஆப் சீனாவுடையது, அதிலிருந்து கசிந்ததை எடுத்துக்கொண்டவர்கள் வேறு நாட்டவர். அதனால் எந்த நாட்டு ஆப் என்று பார்ப்பதைவிட, அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்ப்பதே முக்கியம்.

வைகைக்கரை:
ஆமாம். உங்கள் ஆவணங்களையும் அப்படியே பிரித்துப் பாருங்கள். பட்டா, வில்லங்க விவரமெல்லாம் சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் தளங்களிலேயே பார்க்கக்கூடியவை. ஆதாரும் பாஸ்புக்கும்தான் கவலை. ஆதார் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். இனி நகல் கேட்பவர்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

பொன்னிநதி:
பூட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அப்பா ரேஷன் கடையில் கைரேகை வைப்பவர் என்றால், பூட்டியிருக்கும்போது அங்கே ஏற்காது. கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், அதை அவருக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஓடிபி வரும் மொபைல் எண் ஆதாரில் சரியாக இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

கரிசல்மண்:
ரேஷன் விஷயம் தோன்றவே இல்லை அக்கா, மிக்க நன்றி. பிடிஎஃப் எல்லாம் வெளியே எடுத்தாயிற்று. கணக்கை மூடும் பக்கம் திறக்கவில்லை, மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இனி ஸ்கேன் செய்ய அவருக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?

மலைக்கோட்டை:
கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி உண்டு, ஆனால் அது கிளவுடில்தான் சேமிக்கும். ஆதாருக்கும் பாஸ்புக்குக்கும் போன் கேமராவில் சாதாரணப் படமே போதும். எடுத்ததும் படங்கள் தானாக பேக்கப் ஆகாதபடி அமைப்பில் நிறுத்தி வையுங்கள்.