லைப்ரரியை மாற்றியதும் பழைய நிரல் தப்பு வேகம் காட்டுகிறது, ஏன்?

பாம்பன்_கரை:
விசைப்படகுகளில் வைக்கும் ராஸ்பெர்ரி பை பெட்டிகளுக்காக ஜிபிஎஸ் படிக்கும் சி லைப்ரரி ஒன்று தருகிறோம்: லிப்கலம்.எஸ்ஓ.1. இரண்டு நிரல்கள் அதை நம்பி ஓடுகின்றன. எல்லை எச்சரிக்கை நிரல் எங்களுடையது. பயணப் பதிவு நிரல் வெளியாள் கொடுத்தது, சோர்ஸ் கையில் இல்லை.

'இடம்' ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் அமைப்பு) அட்சம், தீர்க்கம், வேகம் என மூன்று டபுள் (தலா 8 பைட் தசம எண்) இருந்தது. வேகத்துக்கு முன்னால் 'உயரம்' சேர்த்தோம். எங்கள் நிரலைத் திரும்பக் கம்பைல் செய்தோம், சரியாக ஓடுகிறது. பயணப் பதிவோ, கரையில் கட்டிக் கிடக்கும் படகு 4 நாட் வேகத்தில் போவதாகச் சொல்கிறது. சில பெட்டிகளில் 'ஸ்டாக் ஸ்மாஷிங்' (நினைவகத்தில் பக்கத்து இடம் மிதிபட்டது) என்று நின்றுவிடுகிறது. ஃபங்ஷன் பெயர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இன்னொன்று: உபுண்டு 22.04-இல் கட்டிய நிரல், டெபியன் 11 பெட்டியில் 'ஜிலிப்சி 2.34 இல்லை' (ஜிலிப்சி, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்று கிளம்பவே மாட்டேன் என்கிறது.

தொண்டி_சி:
பெயர் மாறாததுதான் வினை. லோடர் (நிரல் கிளம்பும்போது லைப்ரரியை இணைப்பது) எஸ்ஓநேமையும் (லிப்கலம்.எஸ்ஓ.1 போல எண்ணோடு வரும் லைப்ரரிப் பெயர்) சிம்பல் பெயரையும் (ஃபங்ஷன் பெயர் போன்றவை) பார்க்கும். ஸ்ட்ரக்ட் எத்தனை பைட் என்று அதற்குத் தெரியாது. பழைய நிரல் வேகத்தை 16-ஆவது பைட்டில் தேடுகிறது. அங்கே இப்போது உட்கார்ந்திருப்பது உயரம். அந்த 4, நாட் இல்லை, மீட்டர். பழைய நிரல் ஒதுக்கியது 24 பைட், லைப்ரரி எழுதுவது 32. மிச்சம் 8 பைட் பக்கத்து இடத்தை மிதிக்கிறது, அதனால்தான் சாகிறது.

இது எஸ்ஓநேம் ஏற்ற வேண்டிய மாற்றம். லிப்டூலில் (லைப்ரரி கட்டும் கருவி) பதிப்பு எண்களான கரண்ட்:ரிவிஷன்:ஏஜ் 1:0:0 என்று இருந்தால் 2:0:0 ஆக்குங்கள், லிப்கலம்.எஸ்ஓ.2 வரும். பழைய .1 கோப்பையும் பெட்டியிலேயே விட்டு வையுங்கள், இரண்டும் அருகருகே ஓடும். புது ஃபங்ஷன் மட்டும் சேர்த்திருந்தால் 2:0:1 போதும், கரண்டில் ஏஜைக் கழித்தால் 1, எஸ்ஓநேம் 1-ஆகவே நிற்கும். .1 என்ற பெயரில் .2-க்கு லிங்க் போட்டுச் சமாளிக்காதீர்கள், அதே உடைப்பு திரும்ப வரும்.

பாம்பன்_கரை:
உயரத்தைக் கடைசியில் வைத்திருந்தால் தப்பியிருக்குமா?

தொண்டி_சி:
வேகம் சரியாக வரும், 8 பைட் மிதிப்பு போகாது. இடம் ஒதுக்குவது அழைக்கும் நிரல் அல்லவா.

கீழக்கரை_லினக்ஸ்:
.2 கொண்டுவரும்போதே ஸ்ட்ரக்டை ஹெடரிலிருந்து (வெளி நிரல்களுக்குக் கொடுக்கும் அறிவிப்புக் கோப்பு) எடுத்துவிடுங்கள். வெளியே பாயின்டர் (நினைவக முகவரி) மட்டும் போகட்டும். உருவாக்க, அழிக்க, ஒவ்வொரு மதிப்பையும் எடுக்கத் தனித்தனி ஃபங்ஷன். நாளைக்குத் திசை சேர்த்தாலும் யாரும் உடைய மாட்டார்கள். வெளியிடும் முன், லைப்ரரியின் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் அபிடிஃப் கருவியில் பழையது, புதியது இரண்டையும் கொடுத்துப் பாருங்கள், இந்த ஸ்ட்ரக்ட் மாற்றத்தை அது அப்படியே காட்டியிருக்கும்.

ஜிலிப்சி விஷயம் வேறு. 2.34-இல் பீத்ரெட் (த்ரெட்களுக்கான) லைப்ரரியை லிப்சி என்ற அதன் முதன்மைக் கோப்புக்குள்ளேயே சேர்த்தார்கள், நிரலைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கும் புது வெர்ஷன் வந்தது. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, டெபியன் 11-இல் 2.31. அதனால் வெறும் மெயின் மட்டும் உள்ள நிரலைக் கட்டினாலும் 2.34 கேட்கும். டெபியன் 11 கன்டெய்னரில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் டெபியன் சூழல்), பெட்டியின் அதே ஆர்க்கிடெக்சருக்குக் கட்டுங்கள். புதிய லிப்சி கோப்பைப் பெட்டியில் தூக்கிப் போடவே கூடாது. பொருந்தாவிட்டால் எல்எஸ் கட்டளைகூட ஓடாது, நடுக்கடலில் எல்லை எச்சரிக்கையும் இருக்காது.

பாம்பன்_கரை:
நன்றி காக்கா. எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது, பாதிப் படகு கடலில் இருக்கும்.

கீழக்கரை_லினக்ஸ்:
படகு கரைக்கு வர வர முதலில் பழைய .1 கோப்பைத் திருப்பி வையுங்கள், கூடவே அதற்குக் கட்டிய எல்லை எச்சரிக்கையையும். ஒன்றை மட்டும் மாற்றினால் எல்லை எச்சரிக்கை தப்பாகப் படிக்கும். .2-ஐ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் போடுங்கள், விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும்.