மறு: பொன் பூசிய ஐரோப்பியச் சுவடிகளுக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

அன்புள்ள நண்பர்களே,

மூன்று நாளில் இருபது மடல்கள். எல்லாருக்கும் நன்றி. இடைக்கால ஐரோப்பிய ஓவியம் பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் இன்னும் தொக்கி நிற்கின்றன: பொன்னும் வண்ணமும் தீட்டிய 'இல்லுமினேட்டட் மேனுஸ்கிரிப்ட்' சுவடிக்கு ஒன்று, நாளின் வேளைகளுக்கான செபங்கள் அடங்கிய 'புக் ஆஃப் அவர்ஸ்' நூலுக்கு ஒன்று.

> 'ஒளியூட்டிய சுவடி' என்றே போடலாமே. இலத்தீனிலும் ஒளியேற்றுதல்தானே?

வேர் அதுதான். ஆனால் வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, "பின்னால் விளக்கு வைப்பார்களா?" என்று கேட்டாள். இங்கே ஒளி தருவது பொன். கன்றுத்தோல் ஏட்டில் சாந்தைச் சற்று மேடாகப் பூசிக் காயவிடுவார்கள். அப்புறம் வாயாவியால் ஈரமூட்டி, தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லாலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். ஏட்டைத் திருப்பும்போது மெழுகுவர்த்தி வெளிச்சம் அந்த மேட்டில் பட்டு நகரும். சொல்லில் பொன் இல்லையென்றால் இவ்வளவு வேலையும் மறைந்துபோகும்.

> நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' இருக்கிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம். அப்படியானால் தீட்டியது 'புனைசுவடி'.

இந்த வினைத்தொகையை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவ்வளவு பிடித்துவிட்டது. ஓவியர் ழான் புசேல் 1324–28 வாக்கில் பிரான்சின் அரசி ழன் தெவ்ருவுக்காகச் செய்த உள்ளங்கை அளவுச் செபநூலில் உருவங்கள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் 'புனையா ஓவியம்' என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் புனைகதை, புனைபெயர் என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் 'புனைசுவடி'யைப் போலிச் சுவடி என்று எடுத்துக்கொள்வார்கள். சங்கத் தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் சொல்லைப் பத்தாம் வகுப்புக்கு எப்படித் தருவது?

> 'மினியேச்சர்' சிற்றோவியம் அல்ல, செந்தூர ஓவியம்.

உண்மை ஐயா. மினியம் என்ற ஈயச் செந்தூரத்திலிருந்து வந்த சொல், சிறுமையிலிருந்து அல்ல. ஆனால் ஓவியர்களான லிம்பூர்க் சகோதரர்கள் பிரான்சின் பெரி என்ற பகுதியின் கோமகனுக்கு, மாதத்துக்கு ஒன்றாக வரைந்த நாட்காட்டி ஓவியங்களில் கண்ணை நிறைப்பது வானத்து நீலம். அதைப் பார்க்கும் பிள்ளையிடம் செந்தூரம் என்றால் எப்படி ஒப்பும்? இதைத் தனி இழையில் பேசுவோம்.

அடுத்து, 'புக் ஆஃப் அவர்ஸ்' நூலின் பெயர். 'மணிநூல்' வேண்டாம், கடிகாரமா இரத்தினமா என்று குழப்பும். 'யாமநூல்' சொன்ன அம்மா காட்டிய பொருத்தம் அழகு: செபவேளை எட்டு, நம் நாளுக்கு யாமமும் எட்டு. ஆனால் யாமம் என்றால் இன்று நள்ளிரவுதான் நினைவுக்கு வருகிறது. 'திருப்புகழ்மாலை' தமிழ்க் கத்தோலிக்கரிடம் திருச்சபையின் வேளைச் செபத்துக்கு ஏற்கெனவே உள்ள பெயர். இதுவோ இல்லறத்தார் வீட்டில் வைத்துப் படித்த நூல். ஆகவே 'வேளைச் செபநூல்' என்று போடுகிறேன்.

சுவடிக்கு 'பொன்னொளிச் சுவடி'. ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள், இருவர் ஒப்பவில்லை. பொன்னே இல்லாமல் வண்ணம் மட்டும் தீட்டிய சுவடியை என்னவென்பது என்று அவர்கள் கேட்பது நியாயம். அதற்கு என்னிடம் விடை இல்லை. அடிக்குறிப்பில் 'புனைசுவடி'யையும் சேர்க்கிறேன்.

வியாழன் இரவு ஒன்பது மணிக்குள் வேறு சொல் வந்தால் மாற்ற முடியும்.