கத்திரி வெயிலில் 1,140 கல்யாணப் படங்கள்: எக்ஸ்போர்ட் திணறிய அனுபவம்

போன மே மாதம், கத்திரி நடுவில் வடபழனியில் ஒரு கல்யாணம். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டிலும் கழித்தது போக 1,140 ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலப் படம்) தேறியது. ஒவ்வொன்றும் 28 எம்பி வரும். கலர் வேலையெல்லாம் முடித்து, இரவு 9 மணிக்கு லைட்ரூமில் (படம் திருத்தும் சாஃப்ட்வேர்) மொத்தத்தையும் செலக்ட் செய்து, ஜேபெக் படமாக மாற்றித் தரும் எக்ஸ்போர்ட்டைப் போட்டேன். மறுநாள் காலை பென் டிரைவ் தருவதாகப் பெண்ணின் அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் 150 படம் சரசரவென்று போனது, படத்துக்கு 6 நொடி. 11 மணிக்குப் பார்த்தால் 40 நொடி. மவுஸை நகர்த்தினால் கர்சர் அப்புறம்தான் நகர்கிறது. கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அறையில் ஏசி கிடையாது, லேப்டாப் இருந்தது மெத்தை மேல். விடியற்காலை 6 மணிக்கு 880-ஐத்தான் தாண்டியிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்து, "முகூர்த்தம் வரைக்கும் இப்போ வாங்கிக்கோங்க, மிச்சம் சாயங்காலம் நானே கொண்டு வர்றேன்" என்றேன். மனுஷன் கோபப்படவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ரேம் போதவில்லை என்று முடிவு கட்டி, 16 ஜிபியை 32 ஆக்க, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர், "ரேம் அப்புறம் வாங்கலாம் சார், முதல்ல இங்கேயே ஓட்டிக் காட்டுங்க" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் போட்டோம். ரேம் 11 ஜிபியோடு நின்றுவிட்டது. பிராசசர் வேகம்தான் 3.8 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, சில நிமிடத்தில் 1.4-க்கு இறங்கியது. சூடு 95, 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் கருகிவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் காற்று வெளியேறும் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்ததும் ஒரே பட்டையாக வந்தது. பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகக் கிடந்தது. சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் போட்டுக் கொடுத்தார். ரேம் வாங்காமல் திரும்பினேன்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்கினால், பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ (பிராசசர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது) நின்று, சூடும் குறையும். (சில மாடலில் அந்த வரியே கண்ணில் படாது.) முதல் படம் சற்று மெதுவாகத்தான் வரும், ஆனால் கடைசிப் படம் வரை அதே வேகம். நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சரி. இப்போது மேஜை மேல், அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கித்தான் ஓட்டுகிறேன்.

உங்களுக்கு எப்படி? சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து:
எனக்குச் சூடு பிரச்சினை இல்லை அண்ணே. டெஸ்க்டாப், ஏசி அறை. ஆனாலும் இழுத்தது. பார்த்தால் பிராசசர் 30 சதவீதம்தான், டிஸ்க் 100. ரா ஃபைல் இருந்ததும், ஜேபெக் போய் விழுந்ததும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில். படிக்க ஒரு பக்கம், எழுத ஒரு பக்கம் என்று முள் அலைந்துகொண்டே இருந்தது, கரகரவென்று சத்தம் வேறு. என் கேமரா 45 மெகாபிக்சல், ஒரு ஃபைலே 50 எம்பி. அதைப் போய் முன்பக்கத்துப் பழைய யூஎஸ்பி 2.0-ல் செருகியிருந்தேன், நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிசு. இப்போது ரா எல்லாம் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு வந்த பிறகுதான் எக்ஸ்போர்ட். எஸ்எஸ்டியையும் முட்ட நிரப்பாதீர்கள், அதுவும் மந்தமாகும்.

தாம்பரத்திலிருந்து:
எக்ஸ்போர்ட் ஓடும்போதே ஆல்பம் டிசைன் செய்ய வேண்டியவர்களுக்கு: டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கம் போய், லைட்ரூமை ரைட் கிளிக் செய்து 'செட் அஃபினிட்டி'யில் இரண்டு மூன்று கோரை (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எடுத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கை கட்டி உட்கார வேண்டாம். லைட்ரூமை மூடித் திறந்தால் மறுபடி போட வேண்டும். 2023-ல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது) எல்லாப் படத்துக்கும் போடாதீர்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஒரு படத்துக்கே பல நிமிடம் தின்னும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில், கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்ததற்கு மட்டும் தனியாகப் போட்டு முடித்து, பிறகு எக்ஸ்போர்ட் கொடுக்கிறேன்.

முதலில் எழுதியவன்:
பெரம்பூர் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு என் ஒயரைப் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, நீலப் போர்ட்தான் (வேகமான யூஎஸ்பி 3.0). போன வாரம் ஒரு வளைகாப்புப் படங்களை 200, 200 ஆகப் பிரித்து ஓட்டினேன். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து மெஷின் அணைந்துவிட்டது. மூன்றாவது ஃபோல்டர் வரை முழுசாக இருந்தது. நாலாவதை மட்டும் காலையில் திரும்பப் போட்டேன், காபி குடித்து முடிப்பதற்குள் பாதி வந்திருந்தது.