முழுகாம இருக்கேன், மனசுக்குக் குடிக்கிற குளிசையை விடணுமா?

கேட்டது: பொகவந்தலாவ டீச்சர்

அக்காமாரே, இதை எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்புல கேக்க ஏலாது. மேல் லயத்துல வாய் திறந்தா பொழுது சாயுறதுக்குள்ள அடுத்த டிவிசனுக்குப் போயிடும். அதான் இங்க.

மூத்தவ பிறந்தப்புறம் எனக்கு மனசு விழுந்து போச்சு. தூக்கம் இல்ல, புள்ளையத் தூக்கவே பயம், பால் குடுக்கும்போது சும்மா கண்ணீர் வழியும். மாமியா காத்துக் கருப்புன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. கடைசில மிட்வைஃப் மிஸ்தான் வீட்டுக்கு வந்து, மனசு எப்படி இருக்குன்னு பாக்கிற பத்துக் கேள்வித் தாளை நிரப்பி மனநல கிளினிக்குக்கு அனுப்பினாங்க. செர்ட்ரலின் 50 மில்லிகிராம் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் நான் மனுசியானேன், பாலர் பாடசாலைக்கும் திரும்பப் போனேன்.

இப்ப திரும்ப நாள் தள்ளிப் போயிருக்கு. மூணு மாசம் இன்னும் முடியல. இந்தத் தடவை கிளினிக்குல குளிசை இல்லன்னு வெளியில வாங்கத் துண்டு எழுதித் தந்தாங்க. டவுன் பார்மசியில அதோட ஃபோலிக் அசிட்டும் சேர்த்துக் கேட்டேன். கவுண்டர்ல நின்ன தம்பி ரெண்டையும் பார்த்துட்டு, "மிஸ், இதைக் குடிச்சா புள்ளைக்கு இதயத்துல ஓட்டை விழும், இன்னைக்கே நிப்பாட்டுங்க"ன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டான். எனக்குக் கை நடுங்கிருச்சு.

வீட்டுக்காரர் கொழும்புல. கேட்டா "உனக்குச் சரின்னு படுறதைச் செய்"ங்கிறார். எனக்கு எது சரின்னு தெரிஞ்சா இவரை ஏன் கேக்கிறேன்! மாமியாவுக்குக் குளிசை விசயமே தெரியாது, பருப்பு டின்னுக்குள்ள வச்சிருக்கேன். மனநல கிளினிக்குக்கு இன்னும் நாள் கிடக்கு. கர்ப்பவதி கார்டுல இதை எழுதணுமா? எழுதினா வார்ட்டுல பைத்தியம்னு பாக்க மாட்டாங்களா?

பதில்: ரிட்டயர் நர்ஸ், பதுளைப் பக்கம்

மகள், முதல்ல ஒண்ணு. நீங்களா நிப்பாட்டாதீங்க. திடீர்னு விட்டா தலைசுத்தும், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், சும்மா எரிச்சல் வரும். அது போக, பழைய நோயே திரும்பலாம். 2006ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, கர்ப்ப காலத்துல குளிசையை விட்டவங்கள்ல 100க்கு 68 பேருக்கு நோய் திரும்பிச்சு, விடாமக் குடிச்சவங்கள்ல 26 பேருக்கு. அவங்கெல்லாம் நோய் பலமா இருந்தவங்க, உங்க கணக்கு அதே மாதிரி இருக்கும்னு சொல்ல வரல. ஆனா குளிசையை விட்டா ஆபத்தே இல்லன்னு யாரும் நினைக்கக் கூடாது.

இதயத்துல ஓட்டைக் கதை பரொக்சடின் என்கிற வேற குளிசையில இருந்து வந்தது. 2005ல அதுக்கு எச்சரிக்கை குடுத்தாங்க. செர்ட்ரலினும் அதே வகைங்கிறதால அந்தத் தம்பி ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டார். செர்ட்ரலின் குடிச்ச தாய்மாரை வச்சுப் பெரிய பெரிய ஆய்வெல்லாம் வந்திருக்கு, பயப்படுற அளவுக்கு வித்தியாசம் தெரியல. ஒரு மருந்தும் குடிக்காத தாய்க்கே 100 புள்ளையில ஏறக்குறைய 3 புள்ளை ஏதாவது குறையோட பிறக்குது, அதையும் மனசுல வச்சுக்கணும். கடைசி மாசங்கள்ல குடிச்சா, பிறந்த புள்ளைக்கு நுரையீரல்ல ரத்த அழுத்தம் கூடுற ஒரு நோய் வரலாம். அது சாதாரணமா 1000க்கு 2 புள்ளைக்கு வரும், குளிசையோட 3 ஆகலாம்.

வேற குளிசை எதுவும் சேர்த்துக் குடிக்கிறீங்களா? வலிப்புக்கும் சில மனநோய்க்கும் குடுக்கிற சோடியம் வல்ப்ரொயேட்னு ஒண்ணு இருந்தா நாளைக்கே டொக்டரைப் பாருங்க. புள்ளைக்கு உண்மையில பயப்பட வேண்டிய மருந்து அதுதான். அதையும் நீங்களா நிப்பாட்டக் கூடாது.

பதில்: மலையகத்தான்

எங்கம்மா ஏழு புள்ள பெத்தாங்க. பச்சை உடம்போட கொழுந்துக்குப் போனாங்க. அப்ப என்ன செர்ட்ரலின்? எல்லாம் மனசுதான் டீச்சர். காலையில நடங்க, வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்க, சாமி கும்பிடுங்க.

பதில்: பண்டாரவளை அக்கா

தம்பி, உங்கம்மாவுக்கு அப்ப ராத்திரி தூக்கம் வந்துச்சான்னு ஒரு நாள் கேட்டுப் பாருங்க. வல்லாரைச் சம்பல் நானும் சாப்பிட்டேன், சோத்துக்கு ருசியா இருந்துச்சு.

தங்கச்சி, நான் சின்னவனை வயித்துல வச்சுக்கிட்டு இதே குளிசையைக் கடைசி வரைக்கும் குடிச்சேன். டொக்டர் சொல்லித்தான். கடைசி மாசங்கள்ல அளவைக்கூடக் கூட்டினாங்க. பிறந்த உடனே பையன் கொஞ்சம் உதறினான். கை காலெல்லாம் வெடுக்கு வெடுக்குனு இழுப்பான், மார்புல வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கத்துவான். வெள்ளைத் துணியில இறுக்கிச் சுத்தி நெஞ்சோட போட்டா அடங்குவான். இந்தக் குளிசை குடிச்ச தாய்மாரோட புள்ளைங்க 100க்கு 30க்கு இப்படி இருக்கும், நாள் போகப் போகத் தானா சரியாயிடும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதனால நான் பதறல. முன்னாடி தெரியாம இருந்திருந்தா என் தலையிலேயே பழி விழுந்திருக்கும், மாமியா வீட்டுல விட்டிருப்பாங்களா! பாலும் குடுத்தேன். செர்ட்ரலின் பாலுல ரொம்பக் கொஞ்சம்தான் போகும்.

கார்டுல கட்டாயம் எழுதுங்க. பிரசவ நேரத்துல அவங்களுக்குத் தெரியலன்னா புள்ளையை எப்படிக் கவனிப்பாங்க? பாஷைதான் நமக்குத் தொல்லை. எனக்குச் சிங்களம் கடை கண்ணிக்குத்தான் காணும். கூட வந்த வீட்டுக்காரர்தான் டொக்டருக்கு எடுத்துச் சொல்வார், ஆனா சாகத் தோணுச்சுன்னு அவர் முன்னால நான் எப்படிச் சொல்றது? அதனால மிட்வைஃப் மிஸ்கிட்டச் சொல்லி, குளிசை பேர், அளவு, எப்ப தொடங்கினது, விட்டுப் பாத்தப்ப என்ன ஆச்சு, எல்லாத்தையும் சிங்களத்துல ஒரு தாள்ல எழுதி வாங்கினேன். நீட்டினேன், டொக்டர் வாசிச்சார், வீட்டுக்காரரை வெளியில நிக்கச் சொல்லிட்டு என்கிட்டப் பேசினார். நீங்களும் அப்படிச் செய்ங்க.

நடு ராத்திரியில மனசு ரொம்பக் கெட்டா 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவகத்தோட நம்பர்.

பொகவந்தலாவ டீச்சர்

வல்ப்ரொயேட் இல்ல, இது ஒண்ணுதான். இன்னைக்கும் குடிச்சேன். மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன், கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், துண்டையும் குளிசை அட்டையையும் எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை வாங்கன்னாங்க. தாளும் எழுதித் தருவாங்களாம். மாமியாகிட்ட இப்போதைக்குச் சொல்ற மாதிரி இல்ல. அக்கா, பிரசவத்துக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி போதுமா, பெரியாஸ்பத்திரிக்கே போகணுமா?

பண்டாரவளை அக்கா

புள்ளைங்க டொக்டர் எந்நேரமும் இருக்கிற இடமாப் பாருங்க. வியாழக்கிழமை அதையும் கேட்டுக் கார்டுல எழுத வச்சிருங்க, அப்புறம் வலி எடுத்த நேரத்துல யாரும் வாதாட வேண்டியிருக்காது.