கழுவுவது வேறு, இறக்குவது வேறு

வணக்கம். நோய்ப் பரிசோதனை ஆய்வகச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், மாதிரியிலிருந்து டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வை வெளியே எடுக்கும் 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' வேலை பற்றி எழுதுகிறேன்.

எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தனிமைப்படுத்தல், சாறெடுப்பு, பிரித்தெடுப்பு. நாள்தோறும் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

தனிமைப்படுத்தல் வேண்டாம். நோய் தொற்றியவரை ஒதுக்கி வைப்பதற்கு அந்தச் சொல் ஊன்றிவிட்டது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. தொண்டையில் தடவி எடுத்த மாதிரியில் வைரஸ் மட்டுமா இருக்கிறது? நோயாளியின் செல்கள், பாக்டீரியாக்கள் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. இவற்றின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வும் வைரஸினுடையதோடு சேர்ந்தே வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் வைரஸை அடையாளம் காண்பது, அடுத்து நடக்கும் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பிரைமர்களின், அதாவது வைரஸின் வரிசையோடு பொருந்தி ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளின், வேலை. ஆகவே இந்தக் கட்டத்தில் வைரஸின் டி.என்.ஏ.வோ ஆர்.என்.ஏ.வோ தனியாவதே இல்லை.

சாறெடுப்பு காதுக்கு இனிமைதான். ஆனால் பிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் இறங்கிவிடும். நமக்கோ புரதமும் உப்பும் பின்தங்க வேண்டும். பிரித்தெடுப்பு போதும். 'பிரித்தெடுத்தாயிற்றா?' என்று இயல்பாகக் கேட்க முடிகிறது. வினையாகப் புழங்காத கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும்.

பிரித்தெடுப்புக்கு முன்னால் என்ன சேர்ப்பது? டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வுக்குப் பொதுப்பெயரான 'நியூக்ளிக் ஆசிட்' என்பதை 'உட்கரு அமிலம்' என்றால் உறுத்துகிறது, வைரஸுக்கு உட்கருவே கிடையாதே. 'மரபணு' என்றால் ஒரு ஜீனை மட்டும் குறிக்கும். மரபுப்பொருள் என்பது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் பொருந்தும். ஆக, 'மரபுப்பொருள் பிரித்தெடுப்பு'. இது சரி என்றே நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்த வேலைக்குள் வரும் படிகளின் சொற்கள். ஒட்டியிருக்கும் மரபுப்பொருளைக் கரைசலில் விடுவித்து எடுக்கும் கடைசிப் படியான எலூஷனுக்கு ஒரு நண்பர் 'கழுவிப் பிரித்தல்' என்று எழுதியிருந்தார். தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். ஏன் என்பதற்கு வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் மாதிரியில் குவனிடினியம் தயோசயனேட் போன்ற உப்பு சேர்ந்த கரைசலை விடுகிறோம். அது வைரஸின் உறையைச் சிதைக்கிறது, ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளையும் செயலிழக்க வைக்கிறது. அந்த நொதிகள் நம் விரலிலேயே இருக்கின்றன, கொதிக்க வைத்தாலும் சில தாங்கும். கையுறை நமக்கு மட்டுமல்ல, மாதிரிக்கும் காவல். அப்புறம் அதே உப்பின் துணையோடு மரபுப்பொருள் சிலிக்காவில் (மணல், கண்ணாடி வகைப் பொருள்) ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம்தான், சாதாரண நீரில் ஒன்றையொன்று தள்ளும். உப்பு செறிந்த கரைசலில் அந்தத் தள்ளல் அடங்கி ஒட்டுகின்றன. 1990-இல் நெதர்லாந்தில் பூம் குழுவினர் வெளியிட்ட வழி இது. இன்றைய சுழற்குழாய்களும் (சிலிக்கா வைத்து எந்திரத்தில் சுழற்றும் குழாய்கள்) சிலிக்கா பூசிய காந்தமணிகளும் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே.

ஒட்டியதை ஆல்கஹால் கலந்த கரைசலால் கழுவுகிறோம். கழுவிய நீரைக் கொட்டிவிடுகிறோம். கடைசியில் சுத்தமான நீரையோ உப்பு குறைந்த கரைசலையோ விடுகிறோம். பிடித்து வைத்த உப்பு போய்விட்டதால் மரபுப்பொருள் பிடியை விட்டு அந்த நீரோடு கீழே வருகிறது. ஐம்பது, அறுபது மைக்ரோலிட்டர்தான், கண்ணுக்கு வெறும் துளி. நோயாளியின் விடை அதற்குள்தான் இருக்கிறது.

கழுவிய நீரைக் கொட்டுகிறோம், இந்தத் துளியை வைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் 'கழுவு' என்றே பெயர் வைத்தால், புதிதாகச் சேர்ந்த ஒருவர் எந்தக் குழாயைக் கொட்டுவார்?

நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். கழுவிய பிறகு குழாயில் எதுவும் விடாமல் எந்திரத்தில் ஒருமுறை சுழற்றி ஆல்கஹாலைப் போக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். மறுநாள் பி.சி.ஆரில் வைரஸுக்கான கோடும் எழவில்லை, சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்டுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்த உள்கட்டுப்பாட்டுக்கான கோடும் எழவில்லை. உள்கட்டுப்பாடு இல்லாதிருந்தால் 'தொற்று இல்லை' என்று அறிக்கை போயிருக்கும். எல்லா மாதிரிகளையும் முதலிலிருந்து மறுபடி செய்தேன். கழுவுதலும் உலர்த்தலும் தனித்தனிப் படிகள் என்பது அன்றைக்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை.

ஆகவே எலூஷனுக்கு 'இறக்கல்' என்று முன்மொழிகிறேன். ஏறிப் பிடித்திருந்தது இறங்கி வருகிறது. மேலே ஒட்டியிருந்ததைக் கீழே வாங்குகிறோம். 'கழுவியாச்சு, உலர்த்தியாச்சு, இனி இறக்கு' என்று ஆய்வகத்தில் அப்படியே சொல்லலாம். இறக்கப் பயன்படும் கரைசல் 'இறக்கி', இறங்கி வருவது 'இறக்குநீர்'. சிலிக்காவில் ஒட்டச்செய்வதற்கு 'பற்றவைத்தல்' என்று இங்கே சிலர் எழுதியிருந்தார்கள்; அது தீ மூட்டுவதாகிவிடும், 'ஒட்டவைத்தல்' என்றே இருக்கட்டும். முதல் படிக்கு 'சிதைத்தல்' பொருத்தமா, 'உடைத்தல்' பொருத்தமா என்று இன்னும் யோசிக்கிறேன். சிதைத்தல் என்றால் உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வும் சிதைந்ததாகத் தோன்றும், அதனால் 'உறை உடைத்தல்' பக்கம்தான் என் மனம் சாய்கிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?