புதுப்பிப்பு: கணக்கு வகுப்பில் சலித்துப்போன ஆறாம் வகுப்பு மகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் மகள் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் நோட்டின் ஓரத்தில் மயில் வரைகிறாள், என்ன செய்யலாம் என்று பிப்ரவரியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரு வகுப்பு தாண்டி ஏற்றச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. வகுப்பாசிரியரிடம் பேசினேன், 43 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார், பாவம். கடைசியில் பலித்தது, 'பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள்' என்ற யோசனைதான். 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி, அந்தக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லோரையும் விடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டுமாம். எனக்கு இது தெரியாமலே போயிருக்கும். பள்ளி விட்டபின் தனியாகக் கணக்குக்கு நேரம் வேண்டும் என்று ஐந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கூடவே, 'மேற்பார்வைக்கு நாங்களே முறை வைத்து வருகிறோம்' என்று ஒரு வரி. அந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இப்போது புதன்தோறும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்கு. 4 முதல் 7ஆம் வகுப்பு வரைக்குமான தென்னாப்பிரிக்கக் கணிதச் சவால் போட்டியின் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

எதிர்பாராத ஒன்று: இதற்கென்று முதலில் போட்ட 'கெட்டிக்காரப் பிள்ளைகள்' பட்டியலில் இல்லாத ஒரு பையன், தம்பியைக் கூட்டிப்போக வந்தவன், தீக்குச்சிப் புதிரை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டான். அப்புறம் பட்டியலே வேண்டாம், வருகிறவர்கள் வரட்டும் என்றாகிவிட்டது. மகளுக்கு அன்று முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

மயில் நின்றபாடில்லை, இப்போது வினாத்தாளின் பின்பக்கத்தில்.